தொழிற்களத்திற் பொச்சாவாமை

உலகத்து மக்கள் தம் விழிப்புக் காலத்தின் பெரும்பகுதியைத் தொழில் செய்யுமிடத்திலேயே கழிக்கின்றனர். வழிபாட்டிற்கும், நூலோதுதற்கும், சுற்றத்தாரோடு அளவளாவுதற்கும் எஞ்சுவன சில நாழிகைகளேயாம். அங்ஙனமாகவும், உள்ளத்தைப் பண்படுத்தல் பற்றிப் பேசப் புகுவார் பலரும் அச்சில நாழிகைகளையே பொருளாகக் கொண்டு பேசி, பெரும்பகுதியைக் கைவிட்டுவிடுகின்றனர். விடியற்காலத்தே ஒருமையுற்றிருந்த உள்ளம் பகலெல்லாம் சிதறிக் கிடக்குமாயின், அவ்வொருமையாற் போந்த பயன் யாது? ஆதலின், தொழில் செய்யுமிடத்தே உள்ளத்தைத் தொழிலின்கண் நிறுத்துதல் என்னும் பொருளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இப்பொருள் மேனாடுகளில் இந்நாளிற் பெரிதும் பேசப்படுகின்றது. 'மைண்ட்ஃபுல்னஸ்' என்னும் பெயரோடு இதற்கென வகுப்புக்களும் நூல்களும் கைப்பேசிச் செயலிகளும் எழுந்துள்ளன. கணிப்பொறி நிறுவனங்களும் மருத்துவமனைகளும் தம் பணியாளர்க்கு இதனைப் பயிற்றுவிக்கின்றன. நம் நாட்டு அலுவலகங்களிலும் இச்சொல் புகுந்துவிட்டது. எல்லா நோய்க்கும் இதுவே மருந்தென்பார் ஒருசாரார்; பணியாளரைக் கசக்கிப் பிழிவார் கைக்கொண்ட புதிய சூழ்ச்சியே இதுவென்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றினும் உண்மை எத்துணைத்து என்பதை அறிதற்கு, முதற்கண் சொல்லின் பொருளைத் தெளிதல் வேண்டும்.

பாலி நூல்களில் 'ஸதி' எனவும் வடமொழியில் 'ஸ்மிருதி' எனவும் வழங்கும் சொல்லுக்கு நேர்ப்பொருள் நினைவு என்பதாம். புத்தர் வகுத்த எண்வகை நெறியுள் இது ஏழாவதாக வைத்து எண்ணப்படும். தமிழில் நற்கடைப்பிடி எனப் பெயர்த்து வழங்குவர். இலங்கையில் ஆங்கில அரசின் அலுவலராயிருந்த காலத்துப் பாலி மொழியைக் கற்ற ரைஸ் டேவிட்ஸ் என்பார், 1881-ல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் இதற்கு 'மைண்ட்ஃபுல்னஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லை அமைத்தார், அதுவே நிலைபெற்றுவிட்டது. எனவே, இச்சொல்லின் உள்ளீடு கண்ணை மூடிக்கொண்டிருத்தலன்று, மனத்தை வெறிதாக்குதலுமன்று, தான் செய்துகொண்டிருப்பது யாது என்பதை மறவாதிருத்தலேயாம் என்பது பெறப்படும்.

மறவாமையாகிய இக்கருத்திற்குத் தமிழிற் பழமையான சொல்லொன்று உண்டு. அது பொச்சாவாமை. திருக்குறளின் 54-ஆம் அதிகாரம் இப்பெயர் பெற்றது. மகிழ்ச்சியின் மயங்கிக் கடமையிற் சோர்தலே பொச்சாப்பு என்பது ஆண்டு உரைகாரர் கருத்து. நாம் உற்று நோக்கற்பாலது அவ்வதிகாரம் நிற்குமிடம். ஆசிரியர் இதனைத் துறவறவியலில் வைத்திலர். பொருட்பாலில், அரசியலில், சுற்றந்தழாலுக்கும் செங்கோன்மைக்கும் நடுவே வைத்தார். அஃதாவது, வினையுடையான் ஒருவன் தன் வினையைச் செய்யுங்கால் அவற்கு வேண்டப்படுங் குணமாகவே இதனைக் கொண்டார். காடு சென்று கண்மூடியிருப்பார்க்கே இஃது உரித்தென்று கருதுதற்கு அதனால் இடமில்லை. அரசியலில் வைத்தமையாற் போதரும் நுட்பம் பிறிதொன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுதும்.

இனி, இம்மறதி யாங்ஙனம் நிகழ்கின்றது? உயிர் அந்தக்கரணங்களின் வேறாயினும் அவற்றோடு கூடியன்றி அறியமாட்டாது என்பதும், அரசன் அமைச்சரோடு கூடி வினை நடாத்துதல் போல்வது அக்கூட்டுறவு என்பதும் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தின் பொருள். கண் விழித்திருப்பினும் மனம் அதனொடு கூடாவழி எதிர்நின்ற பொருளும் புலப்படாது. இதனைச் சோதனையாகவே செய்து காட்டினார் அமெரிக்க உளநூலார் இருவர். 1999-ல் வெளிவந்த அவரது ஆராய்ச்சியில், படக்காட்சியொன்றிற் பந்து எத்துணை முறை கைமாறுகின்றதென்று எண்ணுமாறு பணிக்கப்பட்டோரிற் பாதியளவினர், காட்சியின் நடுவே குரங்குவேடம் பூண்டு நடந்து சென்ற ஒருவரைக் கண்டிலர். கண்ணிற் குறையில்லை; அமைச்சன் வேறிடத்திருந்தான்.

சித்தாந்த நூலோர் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என அவத்தை ஐந்தாக வகுத்ததனோடு அமைந்திலர். நனவினுள்ளேயே இவ்வைந்தும் நிகழுமென்று கூறி, அதற்கு மத்தியாலவத்தை என்று பெயருமிட்டனர். மேசையின் முன்னமர்ந்து கை எழுதிக்கொண்டிருக்க, உள்ளம் நேற்றைய சொல்லாடலிலோ நாளைய கடன்தவணையிலோ சென்று உலாவுமாயின், அது நனவிற் கனவென்றல் தகுமன்றோ? இப்பாகுபாட்டைப் படிக்குங்கால், இஃது ஏட்டளவிற் பொருளென்றெண்ணி யான் பலகாற் கடந்து சென்றதுண்டு. இதன் பொருளை எனக்கு விளக்கியது நூலன்று. அலுவலகத்தில் நேர்ந்த நிகழ்ச்சியொன்று.

ஓய்வூதியத் தாள்களை நோக்கிப் பதிவேட்டில் எழுதும் பணியில் யான் அமர்ந்திருந்த காலம் அது. ஒருநாள் பிற்பகல், பதவி உயர்வு பற்றிய செய்தியொன்று காதில் விழுந்தது. பட்டியலில் என் பெயரும் உண்டென்றனர். அன்று மாலை வரை என் கை எழுதியவற்றை யான் எழுதினேனென்று சொல்லுதற்கில்லை. மூன்று திங்கள் கழித்து முதிய அம்மையார் ஒருவர் வந்து நின்றார். கணவர் இறந்தபின் அவருக்கு வரவேண்டிய தொகை ஒரு திங்களேனும் வந்து சேரவில்லை. ஏட்டைப் புரட்டியபொழுது, வங்கிக் கணக்கெண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி நின்றன, எழுத்து என்னுடையது, நாளும் அந்நாளே. பிழை என்னுடையதென்று கூறினேன். அவர் சினந்திலர். "அடுத்த மாதமாவது வந்துவிடுமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். இடையே இரண்டு வளையல்களை அடகு வைத்து மருந்து வாங்கினார் என்பதை, அவரோடு வந்த சிறுமி வாயிலில் யாரிடமோ சொல்லக் கேட்டேன்.

என் மறதி துயரத்திற் பிறந்ததன்று, உவகையிற் பிறந்தது என்பதை அன்பர்கள் நோக்கல் வேண்டும். கவலையுடையார்க்கே உள்ளஞ் சிதறும் என்பது பலர் எண்ணம், அஃதன்று. மற்றொன்றும் நோக்குக. என் சிதறலால் எனக்குக் குறைந்தது ஒன்றுமில்லை. குறைந்ததெல்லாம் மேசைக்கு அப்பால் நின்றவர்க்கே. தொழிற்களத்துக் கருத்தூன்றலின் பயனைப் பேசுவார் அமைதி, உறக்கம், உற்சாகம் எனச் செய்வானுக்கு வரும் பயன்களையே நிரல்படக் கூறுவர். செய்யப்படும் பொருளுக்கும் அதனை எதிர்நோக்கி நிற்பார்க்கும் வரும் பயனன்றோ முன்னர்க் கூறற்பாலது?

மனஞ் சிதறுதல் அரிதாக நிகழ்வதுமன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்னும் இருவர் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குச் சான்றாகும். 2,250 பேரிடம், நாளின் வெவ்வேறு பொழுதுகளிற் கைப்பேசி வாயிலாக, 'இப்பொழுது செய்வது யாது? உள்ளம் அதன்கண் உள்ளதா? மகிழ்ச்சி எத்துணை?' என வினவினர். விடை பெற்ற பொழுதுகளில் நூற்றுக்கு 46.9 பங்கில் உள்ளம் செய்யுந் தொழிலின்கண் இருந்ததில்லை. செய்யுந்தொழில் இன்பமற்றதாயினும், அதன்கண் உள்ளம் நின்றபொழுதே மக்கள் மிக்க மகிழ்ச்சியுடையராயிருந்தனர். இனியவற்றை நினைந்து அலைந்த உள்ளமும் அதனின் மிக்க மகிழ்ச்சி அடைந்ததில்லை. தொழிலின் சலிப்பிலிருந்து தப்புதற்கே நினைவு ஓடுகின்றதென்று நாம் எண்ணுகின்றோம். ஓடிய இடத்தும் அது பெறுவதொன்றுமில்லையென்று இவ்வாராய்ச்சி காட்டுகின்றது.

இக்காலத்துத் தொழிற்களம் இச்சிதறலைப் பன்மடங்கு பெருக்கிவிட்டது. கணிப்பொறித் திரையின் முன்னிருந்து பணிசெய்வாரைப் பல்லாண்டு நேரிற் கண்டு ஆராய்ந்த குளோரியா மார்க் என்னும் அம்மையார், 2004-ஆம் ஆண்டளவில் ஒரு திரையின்கண் ஒருவர் கருத்து நின்ற காலம் சராசரி இரண்டரை நிமிடமாயிருந்தது, பிற்காலத்து ஏறத்தாழ 47 விநாடியாகச் சுருங்கிற்று என்று கணக்கிட்டுள்ளார். ஒரு தொழிலை இடையே விட்டு மற்றொன்றிற் புகுவான், முன்னதின் எச்சத்தையும் உள்ளத்தே சுமந்துகொண்டே புகுகின்றான் என்பதை ஸோஃபி லெராய் என்பார் 2009-ல் ஆராய்ந்து காட்டினார். பின்னது அதனாற் குறைவுபடுகின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம்மவர் துணிபு. கணந்தோறும் சார்பு மாறுமாயின் அவ்வுயிர் எவ்வண்ணத்ததாகும்!

இனி, பயிற்சி வந்த வரலாறு. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் என்பார் 1979-ல் நிலையமொன்றைத் தொடங்கினார். அவர் மருத்துவரல்லர்; உயிர்நூல் கற்றவர்; பௌத்தத் தியானமும் யோகாசனமும் பயின்றவர். நீங்கா நோவினால் வருந்தி, மருத்துவத்தால் முற்றும் தீராது நின்றாரை அழைத்து, எட்டு வாரத்துக்கு ஒரு பயிற்சி வகுத்தார். மூச்சை நோக்குதல், உடலின் ஒவ்வோருறுப்பிலும் கருத்தைச் செலுத்துதல், உலர்ந்த திராட்சை ஒன்றை மெல்லச் சுவைத்துண்ணுதல் முதலியன அதன் பகுதிகள். சமயக் கோட்பாடு எதனையும் அதனொடு சேர்த்திலர். மருத்துவமனையிற் பிறந்த இப்பயிற்சி பின்னர்த் தொழிற்களம் புகுந்தது. விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் உயிர்நுட்பத் தொழிற்சாலையொன்றன் பணியாளரிடையே நடாத்தப்பட்ட சோதனை 2003-ல் வெளியாயிற்று. பயின்றார் 25 பேர். பயிலாது ஒப்பு நோக்குதற்கு நின்றார் 16 பேர். பயின்றாரிடத்துக் கவற்சி குறைந்ததோடு, சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்கு அவருடல் காட்டிய எதிர்ப்பாற்றலும் மிக்கிருந்தது. கூகுள் நிறுவனத்துப் பொறியாளர் சேட்-மெங் டான் என்பார் 2007-ல் அந்நிறுவனத்துள் தொடங்கிய வகுப்பு, பிற நிறுவனங்கட்கும் வழிகாட்டிற்று.

பௌத்தர் வழிவந்த பயிற்சியைச் சைவர் கொள்ளுதல் அமையுமோ என ஐயுறுவார் உளராகலாம். உயிர் உண்டு, இல்லை என்னுந் துணிபில் நமக்கும் அவர்க்கும் உள்ள வேற்றுமை பெரிது. அது வாதநூல்களின்கண் நிகழ்ந்து முடிந்ததோர் பொருள். கையிலுள்ள தாளைக் கண்ணால் மட்டுமன்றிக் கருத்தாலும் பார்க்க என்பதில் இருவர்க்கும் வழக்கொன்றுமில்லை.

25 பேரைக் கொண்டு செய்த சோதனை சிறிது; அதனை மலையெனக் கொள்ளலாகாது. 2014-ல் அமெரிக்க மருத்துவ இதழொன்றிற் கோயல் என்பாரும் துணைவரும் வெளியிட்ட தொகுப்பாராய்ச்சியே நடுநிலைமையுடையதென்று யான் கருதுகின்றேன். 3,515 பேர் பங்குகொண்ட 47 சோதனைகளை அவர் ஆராய்ந்தனர். கவற்சி, மனச்சோர்வு, உடல் நோவு ஆகியன இப்பயிற்சியாற் சிறிதளவு குறைகின்றன என்பதற்கு நடுத்தரமான சான்று உண்டென்றனர். உடற்பயிற்சி, மருந்து முதலிய ஏனை வழிகளினும் இது சிறந்ததென்பதற்குச் சான்று காணவில்லையென்றனர். கருத்தூன்றும் ஆற்றலைப் பயிற்சி பெருக்குமோ என்னும் வினாவிற்கும், அதுகாறும் கிடைத்த சான்று போதாதென்றே விடையிறுத்தனர். பயிற்சியை விற்பார் இப்பின்னைய இரண்டனையும் எடுத்துக் கூறக் கண்டிலேன்.

2018-ல் ஹாஃபென்பிராக், வோஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் சுவையுடையது. சிறிது நேரம் தியானஞ் செய்தபின் ஒரு தொழிலைக் கொடுத்தால், அதனைச் செய்யவேண்டுமென்னும் வேட்கை குறைந்து காணப்பட்டது; தொழிலின் தரமோ குறையவுமில்லை, கூடவுமில்லை. நிறுவனத்தார் இதனைக் கேட்டு வருந்துவர் போலும். எனக்கு இது வருந்துதற்குரியதாகத் தோன்றவில்லை. எதிர்காலத்துப் பயனை நினைந்து துடிக்குந் துடிப்பு அடங்கியும் தொழில் கெடாது நிற்குமாயின், அத்துடிப்பு தொழிலுக்கு இன்றியமையாததன்று என்பது அன்றோ விளங்குகின்றது? ஆயினும், இலாபம் பெருகும் என்று கூறி இப்பயிற்சியைப் புகுத்துவார் கூற்றிற்கு இஃது அரண் செய்யாது.

இனி, தலையாய தடையொன்று உண்டு. 'பத்துப்பேர் செய்யற்பால பணியை அறுவர் தலையில் ஏற்றி, இரவிலும் தொலைபேசியால் அழைத்து, விடுமுறையையும் பறித்துக்கொண்டு, பின்னர் அவ்வறுவரையும் ஓரறையில் அமர்த்தி, மூச்சை நோக்குமின், உளைச்சல் நீங்கும் என்றல் அறமாகுமோ?' என்பதே அது. இத்தடை வலியுடையது. அமெரிக்கப் பேராசிரியர் ரொனால்டு பர்ஸர் என்பார் 2019-ல் இதுபற்றித் தனி நூலே எழுதினார். தொழிற்களத்தின் ஒழுங்கின்மையாற் பிறந்த துன்பத்தைத் தொழிலாளி தன் உள்ளத்தின் குறையென்று எண்ணுமாறு செய்துவிடுகின்றது இப்பயிற்சி என்பது அவர் குற்றச்சாட்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்து வில்லியம் ஃபிளெமிங் 2024-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அதற்குத் துணைநிற்கின்றது. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சார்ந்த 46,336 பணியாளரின் விடைகளை அவர் ஒப்பு நோக்கினார். கருத்தூன்றற் பயிற்சி, மனவுறுதி வகுப்பு, நலச்செயலி முதலியவற்றிற் பங்குகொண்டார், கொள்ளாதாரினும் நலமுற்றவராகக் காணப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும், 2019-ல் தொழிற்சோர்வைத் தன் நோய்ப் பகுப்பேட்டிற் சேர்த்தபொழுது, அதனைத் தனியொருவர் நோயென்னாது, தொழிலைச் சார்ந்ததோர் நிகழ்ச்சியென்றே குறித்தது.

அற்றேல், இப்பயிற்சி வேண்டாவோ எனின், அற்றன்று. திருவள்ளுவர் பொச்சாவாமையை அரசியலில் வைத்தமையாற் போதரும் நுட்பத்தை இங்கே காணல் வேண்டும். அவ்வதிகாரம் முதற்கண் நோக்கி நிற்பது ஆணையுடையானை. ஏவல் கேட்பானை அன்று. மறவாமை முதலில் வேண்டப்படுவது பணிகொடுப்பானுக்கு. பணியாளன் உள்ளம் நிற்றற்கு இடமுண்டோ, எத்துணை முறை அவனை இடையே அழைக்கின்றோம், எத்துணைப் பொறுப்பை ஏற்றினோம் என்பனவற்றை அவன் மறந்திருந்து, ஏவலாளன் மட்டும் மறவாதிருக்க வேண்டுமென்றல், அமைச்சர் விழித்திருக்க அரசன் உறங்குதலை ஒக்கும். மேனாட்டார் இறக்குமதி செய்துகொண்டது இக்கருத்தின் ஒருபாதியே.

மறுபாதியையும் அவர் அறியாரல்லர். ஆனால் அதனை வேறு பெயரால், வேறிடத்தே, குருதி சிந்திய பின்னரே கற்றனர். 1974-ல் அமெரிக்காவின் ஷார்லட் நகரத்தருகே, தரையிறங்கும் தறுவாயில் வானூர்தியொன்று வீழ்ந்து 70-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊர்தியின் உயரத்தை உன்னி நோக்கவேண்டிய அந்நேரத்தே, ஓட்டுநர் இருவரும் அரசியல், பழைய கார் முதலியன பற்றி உரையாடிக்கொண்டிருந்தமை ஒலிப்பதிவால் வெளிப்பட்டது. 1981-ல் அந்நாட்டு அரசு விதியொன்று வகுத்தது. 10,000 அடிக்குக் கீழ்ப் பறக்கும்பொழுது பறத்தற்கு வேண்டாத பேச்சும் செயலும் ஓட்டுநரறையில் நிகழலாகாது. அவரைப் பிறர் அழைத்தலும் ஆகாது. ஓட்டுநரைத் தியானம் பயில்க என்று கூறி விட்டுவிடாது, அவர் கருத்திற்கு வேலி கட்டிக் கொடுத்தது அவ்விதி.

மருத்துவமனையிலும் இதுவே செய்தி. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மருத்துவமனைகள் இரண்டில், செவிலியர் 98 பேர் நோயாளர்க்கு மருந்து கொடுக்குங்காற் பின்னின்று நோக்கிக் குறித்தெழுதிய ஆராய்ச்சி 2010-ல் வெளிவந்தது. மருந்து கொடுக்கும் இடையிலே அவரை ஒருமுறை பிறர் அழைத்துத் தடை செய்யுந்தோறும், மருந்திற் பிழை நேர்தல் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்களவு மிக்கது. அச்செவிலியர் கருத்தில்லாதவரல்லர், அவர் கருத்தைப் பிறர் கவர்ந்துகொண்டனர். மருந்து வண்டியோடு செல்லும் செவிலியைத் தொலைபேசிக்கு அழைக்கும் மேற்பார்வையாளர், தாம் பிழையொன்றும் செய்திலேமென்றே எண்ணியிருப்பர்.

ஜப்பானிய இருப்புப்பாதைப் பணியாளர் வழக்கமொன்று இவ்விரு பாதியும் ஒன்றுபட்டு நிற்றற்கு நல்ல காட்டாகும். வண்டி செலுத்துவார் அடையாள விளக்கைக் கண்டவுடன், கையை நீட்டி அதனைச் சுட்டி, 'பச்சை' என வாய்விட்டுக் கூறுவர். நிலையத்திலிருப்பார் வண்டி புறப்படுமுன் நடைமேடையை நெடுகச் சுட்டி, தடையில்லையென்று உரக்கச் சொல்லுவர். புதிதாகக் காண்பார்க்கு இது நகைப்பை விளைக்கும். கண் பார்த்ததனைக் கையும் வாயும் செவியும் ஒருங்கு பற்றிக்கொள்ளுதலின், மனம் தனித்து ஓடுதற்கு வழியில்லை. அந்நாட்டு இருப்புப்பாதை ஆராய்ச்சி நிலையத்தார் 1994-ற் செய்த சோதனையில், எளிய செயலொன்றில் நூறுமுறைக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டியும் கூறியும் செய்தவழி 0.38 ஆகக் குறைந்தது. நியூயார்க்கு நகரத்து நிலத்தடி வண்டிகளிலும் 1996 முதல், வண்டி நின்றவுடன் நடுவிலுள்ள கோடிட்ட பலகையைக் காவலர் கையாற் சுட்டல் வேண்டுமென விதித்தனர். இப்பயிற்சியை நிறுவனம் வகுத்துக் கொடுக்கின்றது. அதற்குரிய விநாடியையும் நேர அட்டவணையில் விட்டுவைக்கின்றது. பணியாளன் உள்ளத்தாற் செய்கின்றான். கண்ணை மூட வேண்டுவதில்லை, மெத்தையும் வேண்டா.

தனியொருவர் தம்மளவிற் செய்யக்கூடியது யாதெனின், அது மிக எளிது. எளிதாதலாலேயே பலரும் செய்வதில்லை. பணிக்கு அமர்ந்தவுடன் திரையைத் திறவாமுன் இரண்டு மூன்று நிமிடம் வாளாவிருந்து, மூச்சு வருதலையும் போதலையும் நோக்குக. உள்ளம் ஓடும், ஓடியதை அறிந்தவுடன் வெறுப்பின்றி மீட்டுக் கொணர்க. ஓடாதிருத்தல் பயிற்சியன்று, மீட்டலே பயிற்சி. தொடக்கத்திலிருப்பார் பலர், 'எனக்கு மனம் நிற்கவில்லை. ஆகலின் இஃது எனக்குக் கைகூடாது' என்று விட்டுவிடுவர். ஓடியதென்று அறிந்த அக்கணமே நனவிற் கனவினின்றும் நனவிற்கு மீண்ட கணமாதலை அவர் அறிந்திலர். இருபதுமுறை ஓடி இருபதுமுறை மீட்டவன் இருபதுமுறை பயின்றவனாவன்.

ஒரு தொழிலை முடித்து மற்றொன்றைத் தொடங்குமுன் இடையே சிறிது நிறுத்துக. விட்டுச் செல்லும் தொழில் எங்கே நின்றது, மீண்டும் எங்கே தொடங்கல் வேண்டும் என்பதை ஒருவரியில் எழுதிவைத்தால், முற்கூறிய எச்சம் உள்ளத்தைப் பற்றிக்கொண்டு வருதல் குறையும். இதனையும் லெராய் அம்மையார் துணைவரொருவரோடு கூடிப் பின்னர் ஆராய்ந்துள்ளார். தொலைபேசி மணி ஒலித்தவுடன் எடுக்காது, மூச்சொன்று கழிந்தபின் எடுக்கலாம். எதிர்முனையிலிருப்பார் அதனாற் பொறுமையிழந்துவிடார். சினமூட்டும் கடிதத்திற்கு விடையெழுதுங்கால் இது பெரிதும் பயன்படும். கொடுந்துன்பத்தால் உளம் புண்பட்டிருப்பார்க்கு, நெடுநேரம் கண்மூடி உள்நோக்குதல் சிலகால் அப்புண்ணைக் கிளறிவிடுதலும் உண்டு. அவர் மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் அறியாத காலத்தே, அவ்வம்மையார் வந்து சென்ற மறுநாள் தொடங்கி, யான் வழக்கமொன்றை மேற்கொண்டேன். கணக்கெண்ணை எழுதியபின் ஒவ்வோரிலக்கமாக விரலால் தொட்டு, வாய்விட்டுப் படிப்பேன். மூலத்தாளோடு ஒத்ததென்று கண்டபின்னரே அடுத்த தாளை எடுப்பேன். ஜப்பானியர் வழக்கம் இதுவென்று அப்பொழுது எனக்குத் தெரியாது. அருகிலிருந்த இளைஞர் முதலில் நகைத்தனர். பள்ளிப்பிள்ளை வாய்பாடு சொல்லுதல் போன்றதென்றனர். ஓராண்டு கழிவதற்குள் அவருள் இருவர் தாமும் அவ்வாறே படிக்கத் தொடங்கினர். மூவரும் எண் ஓதும் ஒலி ஏனையோர்க்கு இடையூறாயிற்று. மேலதிகாரியிடம் முறையீடு சென்றது. அவர் எங்களை அழைத்து ஏதென்று கேட்டார், கூறினோம். பதிவேட்டைச் சிறிதுநேரம் புரட்டிப் பார்த்தவர், பழைய தாள்கள் அடைந்துகிடந்த பின்னறையைத் துப்புரவு செய்வித்து, எங்கள் மூவர் மேசையையும் அங்கே இடச்செய்தார். முற்பகல் பதினொரு மணி வரை அவ்வறைக்குள் எவரும் செல்லலாகாதென்று கதவிலே எழுதியும் ஒட்டினார்.